கிராவல் சார்

திருவண்ணாமலையில் வெள்ளைக்காரர் சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றி, வேட்டியும் தாடியுமாக வாடகைச் சைக்கிள் மிதிக்கிற வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பார்த்து ஊருக்குச் சலித்துவிட்டது. ஆனால் நாற்பத்தாறு வயது நம்மவர் ஒருவர், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, உடம்போடு ஒட்டிய கிளிப்பச்சை பனியனும் தொடையோடு ஒட்டிய கறுப்பு டிரவுசருமாகப் போனால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். கையில் எடுத்த வடை கையிலேயே இருக்கும்.

இவர்தான் கிராவல் சார். ஒரே ஆளைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 'மலை தெரியும்' என்று விளம்பரம் செய்து விற்ற ஒவ்வொரு மனைப்பிரிவிலும் இவர் ஒருவராவது இருக்கிறார். சென்னையிலோ பெங்களூரிலோ சாஃப்ட்வேர் வேலை. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் இங்கே வீடு கட்டி வந்துவிட்டார். முதல் வருஷம் மாடித் தோட்டம். கத்தரிக்காய் காய்க்கவில்லை. அடுத்த வருஷம் தியானம். முட்டி வலித்தது. மூன்றாவதாக வந்தது சைக்கிள்.

சாதாரணச் சைக்கிள் இல்லை. ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், 40 மில்லிமீட்டர் அகல டயர், டிஸ்க் பிரேக். தார் ரோட்டிலும் ஓடும், மண் ரோட்டிலும் ஓடும். மண்ணில்தான் அதற்கு மரியாதை. மனைவியிடம் சொன்ன விலைக்கும் பில்லில் இருக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். பில் ஆபீஸ் பையில் பத்திரமாக இருக்கிறது.

டீக்கடைக்காரர் ஒருநாள் துணிந்து கேட்டார்.

"சார், இது இன்னா வண்டி?"

"கிராவல் வண்டிங்க."

டீக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. அவர் அப்போதுதான் வீட்டுக்குக் கடைக்கால் போட்டிருந்தார். "சொல்லவே இல்ல பாருங்க! எனக்கு நாலு லோடு வேணும் சார். தெரிஞ்சவன்னு பாத்து கொஞ்சம் கம்மியா போட்டுக் குடுங்க."

இந்தப் பக்கத்தில் கிராவல் என்றால் லாரியில் வருவது, பள்ளத்தை ரொப்புவதற்கு. விளக்கம் சொல்லச் சொல்ல டீக்கடைக்காரர் முகம் வாடியது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சாருடைய உடம்புதான் இங்கே இருக்கிறது. மனசு மத்தியதரைக்கடல் ஓரமாக சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. ஆனால் ஸ்பெயினின் ஜிரோனாவில் எந்தச் சந்தில் காபி நன்றாயிருக்கும் என்று சொல்வார். 2022-ல் முதல் உலக கிராவல் சாம்பியன் போட்டி இத்தாலியின் வெனேத்தோ பகுதியில் நடந்தபோது, இங்கே கரண்ட் போய், அக்கம்பக்கத்தில் இன்வெர்ட்டர் உள்ள வீடு தேடி ஓடியிருக்கிறார். போனில் தாலுகாவின் வரைபடத்தைத் திறந்தால் ஊர்ப் பெயர் ஒன்றுகூட இருக்காது. கல்குவாரிக்குப் பின்னால் வெளுத்துக் கிடக்கிற மண் ரோடு 'டஸ்கனி'. பனைமரங்கள் வரிசையாக நிற்கிற ஒரு ஏரிக்கரை 'மல்லோர்கா'. அதற்கடுத்த ஊர் ஏரிக்கரை 'சார்டினியா'. சமுத்திரம் ஏரிக்கரையில் போய்விட்டு வந்த அன்றைக்கு 'கோஸ்டல் ரைடு' என்று பதிவு போடுவார். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி, நடுவில் கருவேல மரத்தோடு ஒரு மண் திட்டு தெரிந்தால், அது தீவு. அதற்கும் ஒரு போட்டோ.

ஒன்று சொல்ல வேண்டும். எந்த ஏரி கோடி போகிறது, எந்த மதகில் கதவு இல்லை, எந்தக் கரையை எலி வளை போட்டுத் தின்றிருக்கிறது என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். என்ன, மல்லோர்காவில் மதகு உடைந்திருக்கிறது என்பார். நான் ஒரு நிமிஷம் ஸ்பெயினுக்காகக் கவலைப்பட்டுவிட்டுத்தான் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

மெனோர்கா என்று ஒரு தீவு, மல்லோர்காவுக்குப் பக்கத்தில். அந்தக் காலத்தில் கடற்கொள்ளையரைப் பார்க்கக் குதிரை வீரர்கள் காவல் சுற்றிய பாதை ஒன்று கரையோரமாகத் தீவையே சுற்றி வருகிறது. 185 கிலோமீட்டர். 'அதுவும் கிரிவலம்தான் சார்' என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் அவருக்கே ஒரு கணக்கு உதித்துவிட்டது. நம் கிரிவலப்பாதை 14 கிலோமீட்டர். 13 சுற்று சுற்றினால் 182. மிச்சம் மூன்றுக்கு இட்லிக் கடை வரை போய்வந்தால் மெனோர்கா முடிந்தது. பாதை முழுக்கத் தார் என்பது கிராவல் தர்மத்துக்கு விரோதம்தான். ஆனாலும் மெனோர்காவுக்கு விமான டிக்கெட் எடுப்பதற்கு இது தேவலை.

பௌர்ணமியன்று லட்சக்கணக்கில் கூட்டம், சைக்கிள் நுழையாது. ஆகையால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, ராத்திரி மூன்று மணிக்குத் தொடங்கினார். மலையை வலப்பக்கம் வைத்தே சுற்றினார். அந்த மரியாதை உண்டு. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எமலிங்கம் என்று எட்டு லிங்கமும் வந்தன, போயின, மறுபடி வந்தன. ஐந்தாவது சுற்றில் எமலிங்கத்தில் பூ விற்கிற அம்மா கையை நீட்டி மறித்தார்.

"காலைல இருந்து பாக்கறேன் தம்பி. வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லம்மா. இது மெனோர்கா."

"அது இன்னா வியாதியோ, அண்ணாமலையார் பாத்துப்பாரு. நீ வுடாத சுத்து."

ஹேண்டில்பாரில் ஒரு முழம் கதம்பம் கட்டிவிட்டார். காசு வாங்கவில்லை. எட்டாவது சுற்றில் ஒரு சாமியார் நெற்றி நிறைய விபூதி பூசினார். வியர்வையில் கரைந்து அது கண்ணில் இறங்கியது. பத்தாவது சுற்றில், கண் எரிய, மூச்சு வாங்க இவர் போனதைப் பார்த்து ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கும்பிட்டது. வெயில் ஏறி பன்னிரண்டாவது சுற்றில் மனசு உடைந்து, வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தாராம். எமலிங்கத்தில் அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் திரும்ப முடியவில்லை. இட்லிக் கடைக்காரர் ஏதோ பெரிய பிரார்த்தனை என்று நான்கு இட்லி கூடுதலாக வைத்தார். நன்றி சொல்ல இவர் கோயிலுக்குள் போனார். செருப்புக் காவல்காரர் ஷூவைத் திருப்பிப் பார்த்து, பெடலில் மாட்டுகிற தகட்டைத் தட்டி, "இன்னா சார், லாடம் அடிச்சிருக்கீங்க?" என்று டோக்கன் கொடுத்தார்.

கிராமங்களில் வேறு கஷ்டம். பால்காரரும் கீரைக்காரரும் சைக்கிளை விட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்கு மாறி வெகு நாளாகிறது. மிச்சம் ஓட்டுவது, பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசாங்கம் கொடுக்கிற சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான். அவர்களும் இவரைக் கண்டால் ஓரம் கட்டி வழி விடுகிறார்கள், வயசானவர் என்று. எக்ஸ்.எல். காரர்கள் நிறுத்தி, "வண்டி இல்லியா சார்? ஏறுங்க, சைக்கிளைப் பின்னாடி கட்டிக்கலாம்" என்கிறார்கள். ஒரு தடவை வேலிகாத்தான் முள் குத்தி, டியூப் இல்லாத டயரிலிருந்து ஓட்டையடைக்கும் வெள்ளைத் திரவம் பீய்ச்சி அடித்தது. பஞ்சர் கடைக்காரர் டயருக்குள் கையை விட்டு வெகு நேரம் டியூபைத் தேடினார். பிறகு, "எவனோ உருவிட்டிருக்கான் சார்" என்றார்.

சாருக்கு வில்லன் முள் இல்லை, தார். ஒரு ஊருக்குத் தார் ரோடு வந்தால் ஊரே பட்டாசு வெடிக்கும், இவர் வீட்டில் சமையல் நடக்காது. டஸ்கனி பக்கத்து ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தார். இத்தாலியில் இதே மாதிரி வெள்ளை மண் ரோடுகள் உண்டு, அவற்றைத் தார் போடாமல் காப்பாற்றுவதற்காகவே 1997-ல் லெரோய்க்கா என்று பழைய சைக்கிள்களை வைத்து ஒரு விழா தொடங்கினார்கள், 2007-லிருந்து அந்த மண்ணில் தொழில்முறைப் பந்தயமே நடக்கிறது, உலகத்தின் பெரிய வீரர்களெல்லாம் புழுதி குடிக்க அங்கே வருகிறார்கள்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "அங்க பிரசவத்துக்கு 108 வராதா சார்?"

சாரிடம் பதில் இல்லை.

"நீங்கதான் தெனம் வர்றீங்க, ரோடு லட்சணம் தெரியும். நாங்க குடுத்த மனுவெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. படிச்சவரு, நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க. திங்கக்கெழம கலெக்டராபீசுல குடுத்துடறோம்."

எழுதினார். அரைகுறையாக எழுத அவருக்கு வராது. சைக்கிளில் இருக்கிற கருவியிலிருந்து ரோட்டின் நீளம், ஏற்ற இறக்கம், ஒவ்வொரு குழிக்கும் போட்டோ, ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் இணைத்தார். மழைக்காலத்தில் எந்த வளைவில் வண்டி சறுக்கும் என்பதற்குத் தன் முழங்கைத் தழும்பையே படம் எடுத்து இணைத்திருந்தார் என்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. குறைதீர் கூட்டத்தில் அப்படியொரு மனுவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த வருஷமே ரோடு வந்துவிட்டது.

தார் ஊற்றிய மறுநாள் ஊர்க்காரர்கள் ஆள் அனுப்பி அழைத்தார்கள். மாலை, சால்வை, ரவா கேசரி. புது ரோட்டில் முதலில் அவர்தான் ஓட்ட வேண்டும் என்றார்கள். ஓட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. 40 மில்லிமீட்டர் டயருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"எப்படி கீது சார்?"

"நல்லா இருக்குங்க."

பெரியவர் பக்கத்தில் நின்ற வெள்ளை வேட்டிக்காரரை முன்னால் தள்ளினார். "இவரு அடுத்த ஊரு தலைவரு. அவங்க ஏரிக்கர ரோட்டுக்கும் அதே மாதிரி ஒரு மனு வேணுமாம்."

சார் மாலையைக் கழற்றாமலே போனை எடுத்து, வரைபடத்தில் சார்டினியாவைத் திறந்தார்.