ஓட்டுநர் இல்லை, ஓட்டம் உண்டு

கேள்வி: கல்லூரி மாணவர்கள் தானே ஓடும் வண்டி செய்து பந்தயம் விடுகிறார்களே, இது எங்கே சூடுபிடித்தது?

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், 2004 மார்ச் 13 அன்று. 2015-க்குள் ராணுவத்தின் தரைப்போர் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கு ஆளில்லாமல் ஓட வேண்டும் என்று அந்நாட்டு காங்கிரஸ் இலக்கு வைத்திருந்தது. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்து, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றது. பல்கலைக்கழகங்கள் வந்தன. வீட்டு ஷெட்டில் வண்டி செய்தவர்கள் வந்தார்கள். ஒரு உயர்நிலைப் பள்ளிகூட வந்தது.

கேள்வி: முதல் பரிசு யாருக்கு?

யாருக்கும் இல்லை. பாதை 142 மைல். அதிகம் போனது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘சாண்ட்ஸ்டார்ம்’, 7.4 மைல். கொண்டை ஊசி வளைவில் கரைமேல் ஏறி மாட்டிக்கொண்டு, சக்கரம் சுற்றிச் சுற்றி டயர் புகைந்ததோடு சரி. பெர்க்லி மாணவர்களின் மோட்டார் சைக்கிள் புறப்பட்ட இடத்திலேயே சாய்ந்தது. அதை நிமிர்த்திப் பிடிக்கும் கருவியின் சுவிட்சைப் போட மறந்திருந்தார்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டே 5 வண்டிகள் முழுத் தூரமும் ஓடிவிட்டன. ஒன்றரை வருடத்தில் அப்படி என்ன கண்டுபிடித்தார்கள்?

லேசர், கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் 2004-லேயே இருந்தன. கூடியது, பாலைவனத்தில் வண்டியை விட்டுப் பார்த்த நேரம். 2005 அக்டோபர் 8 அன்று ஓடிய 23 வண்டிகளில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் பழைய 7.4 மைலைத் தாண்டின. தோற்றவர்களும் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறார்கள் பாருங்கள்! எனக்கு வெற்றியாளரின் நேரத்தைவிட இந்தக் கணக்குதான் பெரிது.

கேள்வி: ஜெயித்த ‘ஸ்டான்லி’யின் ரகசியம் என்ன?

ஸ்டான்லி என்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு மாற்றியமைத்த ஃபோக்ஸ்வாகன் டூவரெக். தலைவர் செபாஸ்டியன் த்ரன். கூரைமேல் 5 லேசர் கருவிகள். அவை முன்னால் உள்ள தரையை அளந்துகொண்டே போகும். மேடாகத் தெரிந்தால் தடை என்று பொருள்.

சிக்கல் எங்கே என்றால், கரடுமுரடான பாதையில் வண்டியின் மூக்கு மேலும் கீழும் ஆடும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் போதும், சமதரையே சுவராகத் தெரியும். இல்லாத பாறைக்குப் பயந்து ஸ்டான்லி பிரேக் போட்டது, சாலையை விட்டு ஒதுங்கியது. ஆரம்பத்தில் நல்ல தரையில் 12 சதவீதத்துக்கும் மேல் ‘தடை’ என்று காட்டியதாகக் குழுவே பின்னர் எழுதியது.

இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. ஒரு மனிதரை உட்காரவைத்து ஓட்டச் சொன்னார்கள். அவர் சக்கரம் பட்ட இடமெல்லாம் ‘போகலாம்’ என்று வண்டி குறித்துக்கொண்டது. எந்த அளவு மேட்டை நம்பலாம், எதை உதறலாம் என்ற வரம்புகளை அந்தக் குறிப்பிலிருந்து அதுவே சரிசெய்துகொண்டது. பொய்த் தடைகள் ஏறக்குறைய மறைந்துபோயின. குலுக்கல் அதிகமானால் எவ்வளவு வேகம் குறைப்பது என்பதையும் மனிதர் ஓட்டியதிலிருந்தே கற்றது. மாணவர்கள் மேஜையில் உட்கார்ந்து எழுதிய விதிகளால் வராத நிதானம், நல்ல டிரைவர் ஒருவரின் பாதையைப் பின்தொடர்ந்ததில் வந்தது.

132 மைலை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தது. பரிசு 20 லட்சம் டாலர்.

கேள்வி: கார்னகி மெலன் 2 வண்டிகள் கொண்டுவந்தும் தோற்றது ஏன்?

இரண்டும் முடித்தன, 2-ஆம், 3-ஆம் இடங்களில். முந்தியிருக்க வேண்டியது ‘ஹைலேண்டர்’. அதன் என்ஜின் வழியில் திடீர் திடீரென்று வலுவிழந்தது, மேடுகளில் திணறியது. 100 மைல் தாண்டியபின் ஸ்டான்லி முந்திவிட்டது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 2017-ல் பழைய வண்டியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, என்ஜின் கட்டுப்பாட்டோடு இணைந்த சின்ன ஃபில்டர் ஒன்று தற்செயலாக அழுந்த, என்ஜின் தளர்ந்தது. 12 வருடக் கேள்விக்கு விடை அதுதான்! பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்னால் அந்த வண்டி சோதனை ஓட்டத்தில் கவிழ்ந்திருந்தது. அடி அப்போதே பட்டதா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கவிழ்ந்த வண்டியை ‘ஓடுகிறது’ என்பதற்காக மட்டும் நம்பக் கூடாது என்று சொல்வேன்.

கேள்வி: பணமில்லாத குழு ஏதாவது ஜொலித்ததா?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள். விலையுயர்ந்த லேசர் இல்லாமல், இரட்டைக் கேமராவை மட்டும் கண்ணாக வைத்து ஒரு பிக்-அப் லாரியை ஓட்டினார்கள். சுமார் 10 மைல் நன்றாகப் போய் நின்றுவிட்டது.

வண்டியில் பழுதில்லை, கேமராவிலும் இல்லை. வழியில் பார்க்கும் ஒவ்வொரு புதரையும் நிரல் ஒரு பட்டியலில் சேர்க்கும், கடந்ததும் நீக்கும். பட்டியலிலிருந்து நீங்கிய புதரை நிரலின் வேறொரு மூலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வண்டி நகரும்போதெல்லாம் ‘நகர்ந்துவிட்டேன்’ என்ற தகவல் எல்லாப் புதர்களுக்கும் போகும்படி இணைத்திருந்தார்கள், அந்த இணைப்பை அறுக்கவில்லை. எப்போதோ தாண்டிய புதர்களுக்கெல்லாம் கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. மெமரி நிரம்பியது, கணினி திக்குமுக்காடியது, வண்டி நின்றது.

பந்தயத்துக்குப் பிறகு மெமரியை ஆராயும் கருவி ஒன்று இந்தத் தவறைக் காட்டிக்கொடுத்தது. திருத்தம் மிகச் சிறியது. பத்து நிமிட ஓட்டத்தில் இந்தக் கோளாறு தலைகாட்டாது, புதர் நிறைந்த பாதையில் நெடுநேரம் ஓடினால்தான் வெளிவரும். இந்தப் பிள்ளைகளின் தோல்வியை மென்பொருள் வகுப்புகளில் பாடமாகவே வைக்கலாம்.

கேள்வி: சாலைப் போக்குவரத்தில் எப்போது விட்டார்கள்?

2007 நவம்பர் 3. கலிஃபோர்னியாவின் விக்டர்வில்லில், கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தின் தெருக்களில். 11 வண்டிகள் இறங்கின, 6 முடித்தன. கார்னகி மெலனின் ‘பாஸ்’ முதலிடம், ஸ்டான்ஃபோர்டு இரண்டு, வர்ஜீனியா டெக் மூன்று. ஜெயித்த பாஸ் புறப்படும் முன்பே படுத்துவிட்டது தெரியுமா? பார்வையாளர்களுக்காக வைத்த ராட்சதத் திரை பக்கத்திலிருந்து ஜிபிஎஸ்ஸைக் குழப்பியிருக்கிறது. திரையை அணைத்ததும் கிளம்பியது.

கேள்வி: அங்கே விபத்து நடந்ததாமே?

எம்.ஐ.டி.யின் ‘டாலோஸ்’, கார்னெலின் ‘ஸ்கைநெட்’ இரண்டும் மெதுவாக உரசிக்கொண்டன. ஸ்கைநெட் தயங்கித் தயங்கி நின்றதால், டாலோஸ் அதை வண்டி என்றே எண்ணவில்லை, அசையாத பொருளாகக் கொண்டு முந்தி உள்ளே திரும்பியது. அதே நேரம் ஸ்கைநெட் கிளம்பிவிட்டது. பிறகு நடந்ததுதான் என்னை நெகிழவைக்கிறது. இரு குழுவினரும் தங்கள் பதிவுகளைச் சேர்த்து வைத்து, மோதல் ஏன் நடந்தது என்று ஒரே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ‘நீதான் காரணம்’ என்று கைகாட்டாமல், தம் பக்கத் தவறுகளை இருவருமே விவரித்தார்கள்.

கேள்வி: என் மகள் கல்லூரி அணியில் இதே வேலை செய்கிறாள். எந்த சென்சார் வாங்கச் சொல்ல?

வாங்கும் முன் அவளிடம் கேளுங்கள்: இருக்கும் வண்டியைப் பந்தயத் தூரம் முழுக்க, இடையில் கணினியை அணைக்காமல் ஓட்டிப் பார்த்தாயா? இல்லையென்றால் இந்தச் சனி, ஞாயிறு அதற்கே. ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவையும் சேமிக்கட்டும். பந்தயத்துக்கு முந்தைய இரவு புதிய வரி எதுவும் எழுத வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். மீதிப் பணம் இருந்தால் உதிரி ஒயர், கனெக்டர், ஃபில்டர்.

கேள்வி: எதிரும் புதிருமாக நின்ற ஸ்டான்ஃபோர்டும் கார்னகி மெலனும் இப்போது?

2009-ல் கூகுள் தானோட்டிக் கார் திட்டத்தைத் தொடங்கியபோது ஸ்டான்ஃபோர்டின் த்ரன், கார்னகி மெலன் அணியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த கிறிஸ் அர்ம்சன் இருவரையும் ஒரே அணியில் சேர்த்துக்கொண்டது. அந்தத் திட்டம்தான் 2016-ல் வேமோ என்ற நிறுவனமானது.