சிம்பிள் வாப்பா

"இந்த முறை சிம்பிளாச் செய்வம்" என்று முதலில் வாய் திறக்கிற வாப்பாவிடம் கவனமாக இருக்க வேண்டும். இறக்காமத்தில் பிள்ளையின் பிறந்தநாளைப் பெருவிருந்தாக்குகிறவர் பெரும்பாலும் இவர்தான். பகட்டுக்காரர் அல்ல, பாவம். பேர்த்டே என்ற சொல்லைக்கூட எடுக்க மாட்டார். மௌலவியின் காதில் விழுந்துவிடுமே! "சும்மா ஒரு துஆ, புள்ளைகளுக்கு ஒரு கேக் துண்டு" என்பார். திங்கட்கிழமை கணக்கு ஒரு கிலோ கேக். செவ்வாயன்று ரோல்ஸ் சேரும். வியாழக்கிழமை, "வெறும் கேக்கைக் குடுத்தா அனுப்புற?" என்றொரு கேள்வி முற்றத்தில் எழும், கேட்டது யாரென்று கடைசிவரை தெரியவராது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் புரியாணி ஆக்குகிறவரோடு பள்ளி வாசலில் சகன் தட்டுக் கணக்குப் பேசிக்கொண்டு நிற்பார்.

வெள்ளாமைக் காசின் கொழுப்பு என்று ஊர் சொல்லும். பிழை. உரமில்லாமல் விளைச்சல் விழுந்து, காஸுக்கு வரிசையில் நின்ற 2022இலும் இவர் விறகடுப்பில் கிடாரம் ஏற்றியவர். காரணம் வளவுக்குள் இருக்கிறது. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். அக்கரைப்பற்றை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தமது நூலில் இந்தத் தாய்வழிக் குடி முறையையும் வீட்டுச் சீதனத்தையும் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே பிள்ளையின் உம்மம்மா பின்வீட்டில், சாச்சி பக்கத்து வீட்டில், உம்மாவின் ராத்தா எதிரே. பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை தோழர்களை மட்டும் கூப்பிடுங்கள் என்று மேல்நாட்டில் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஐந்து வயதுக்கு ஐந்து பேர் என்றால், இங்கே படலையைத் திறக்க முன்னமே ஏழு பேர் நிற்பார்கள். அவர்களில் யாரைப் போகச் சொல்வது?

ஆளைக் குறைக்க முடியாத ஊரில் சோற்றைத்தான் குறைக்க வேண்டும். சோறு போட்டால் அது விருந்து. விருந்துக்குச் சொல்லாமல் விட்டால் வரும் கோபம் நோன்புப் பெருநாள் முஸாபஹாவரை நீளும். தேத்தண்ணிக்குச் சொல்லவில்லையென்று குடும்பம் பிரிவதில்லை. அஸர் தொழுது வந்து கூடினால் கேக், சமோசா, சர்பத், முற்றம் நிறையப் பிள்ளைகளின் ஓட்டம் என்று பொழுது போய்விடும். பிறகு மஃரிப் பாங்கு சொன்னதும் கூட்டம் தானாகக் கலையும். இனிப் போங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

"நாலு வீட்டுல திண்டிருக்கமே, திருப்பிக் குடுக்க வேணாமா?" என்று சிம்பிள் வாப்பா மடக்குவார். நியாயம்தான். ஆனால் அதைத் தீர்க்கக் கலியாணம் இருக்கிறது, கத்னா இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை யாருக்கும் சோற்றுக் கடன் பட்டதில்லை. "ஒரேயொரு புள்ள, அதுட சந்தோசம்" என்ற அடுத்த வாதத்துக்கு அந்தப் பிள்ளையே பதில். இரவு ஒன்பதுக்குச் சகன் வைக்கும் நேரத்தில் தேடிப் பாருங்கள். கழுத்தைக் குத்தும் சரிகைச் சட்டையோடு, கன்னத்தில் ஐசிங் காய்ந்தபடி, சாச்சியின் மடியில் நித்திரையாகியிருக்கும். அப்போது விழித்திருப்பவர்கள் எல்லாரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள். இறைச்சித் துண்டு சின்னது என்பதே அவர்களின் பேச்சு.

ஆகவே அழைப்பு வந்தால் நேரத்தை மட்டும் பாருங்கள். அஸருக்குப் பிறகு என்றால் பிள்ளைக்கு ஒரு பந்து வாங்கிக்கொண்டு போங்கள். இஷாவுக்குப் பிறகு என்றால் பசியோடு போங்கள்.