குக்கருக்கும் உண்டு மேல்முறையீடு

கேள்வி: எங்கள் பழைய எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர், அரிசி வேகும் முன்பே 'டக்'கென்று அணைந்துவிடுகிறது. கடைக்காரர் 12 பட்டன் உள்ள புது மாடலைக் காட்டுகிறார். வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தூக்குத் தண்டனைக்கு முன் ஒரு மேல்முறையீடு! பாத்திரத்தை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். தட்டின் நடுவே ஸ்பிரிங்கில் துள்ளும் ஒரு குமிழ் இருக்கும். அதற்குள் காந்தம். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரச் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். வற்றியதும் சூடு எகிறும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் அணையும். தட்டில் ஒரு காய்ந்த பருக்கை ஒட்டியிருந்தாலும், பாத்திரத்தின் அடி நசுங்கியிருந்தாலும் இந்தக் கணக்கு தப்பும். பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின் துடைத்துப் பாருங்கள். ஒயர் கருகியிருந்தால் மட்டும் இரக்கமே வேண்டாம்.

வாங்கியே தீருவீர்கள் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் அரிசிக்கா, பாத்திரத்துக்கா என்று கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான், நம் வீட்டு டம்ளர் அல்ல. 700 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் மூன்றில் ஒரு யூனிட் சொச்சம், அதற்காகப் பயப்பட வேண்டாம். 12 பட்டனில் கேக் பட்டனும் இருக்கும். முதல் வாரம் அமுக்குவீர்கள், அப்புறம் தீபாவளிக்குத் துடைப்பீர்கள். தினம் பொன்னி புழுங்கல் வடிப்பவருக்கு ஒரே சுவிட்ச் போதும். உள்பாத்திரம் தனியாகக் கிடைக்குமா என்று மட்டும் பில் போடும் முன் கேட்டுவிடுங்கள்.