லிஃப்ட் தந்த வேலைவாய்ப்பு

1939இல் ஹாரி ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கைகோத்து ஒரு பெரும் பிழை செய்தார்கள். ஃபோர்டு 9என் டிராக்டரில் ஹைட்ராலிக் லிஃப்ட் வைத்து, ஒரே ஆள் லீவரைத் தொட்டால் கலப்பை தானே எழும்பும்படி செய்துவிட்டார்கள். எத்தனை பேர் பிழைப்பு போயிருக்கும்!

எங்கள் பழைய டிராக்டர் அந்தப் பிழையைத் திருத்திவிட்டது. லீவரை இழுத்தால் இன்ஜின் உறுமும், கலப்பை அசையாது. வரப்புக்கு வரப்பு நான்கு பேர் வந்து தூக்குகிறார்கள். ஐந்தாமவர் "ஐலசா" சொல்கிறார். ஆறாமவர் டீ வாங்கப் போகிறார்.

மெக்கானிக் வந்தார். தங்கமான மனிதர். மலிவான பாகங்களைத் தொட்டு நேரத்தை வீணாக்கவில்லை. முதலில் பம்ப்பை மாற்றினார். பிறகு கன்ட்ரோல் வால்வு. அப்புறம் பிஸ்டனும் ஓ-ரிங்கும். பில் மட்டும் உயர்ந்தது. அதற்கு ஆயிலே தேவைப்படவில்லை.

விடுமுறைக்கு வந்த பேத்தி, "தாத்தா, ஆயில் அளவு பாத்தீங்களா? ஃபில்டரைக் கழுவுனீங்களா?" என்றாள். சின்னப் பிள்ளை, அனுபவம் போதாது. அவள் மனம் கோணக்கூடாதே என்று ஃபில்டரைக் கழற்றினோம். உள்ளே கசடும் வேஸ்ட் பஞ்சும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கழுவி மாட்டி, புது ஆயில் ஊற்றியதும் கலப்பை முனகாமல் மேலே போனது.

ஆறு பேரும் மௌனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை டிராக்டருக்கடியில் ஆயில் குளம். வடிகால் போல்ட்டைக் காணோம். டீ மட்டும் சரியான நேரத்துக்கு வந்திருந்தது.