வரிசை வாத்தியார்

‘ஃபைனல் ஃபேன்டஸி வீடியோ கேம் வரிசையை ஆடலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கிறது?’ இந்தக் கேள்வியை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், வரிசை வாத்தியாரிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவருக்கு அன்றைய ராத்திரிச் சாப்பாடு போச்சு.

கேள்வி காதில் விழுந்ததும் வாத்தியார் ஒரு பெருமூச்சு விடுவார். “உட்காரு தம்பி. 1987-லேருந்து வரணும். சகாகுச்சிங்கறவர் ஃபாமிகாம்ங்கற கேம் மெஷினுக்கு முதல் கேமைப் பண்ணின வருஷம். அதைத் தொடாம நேரா ஏழுக்குப் போறவனை நான் மனுஷனாவே மதிக்கிறதில்லை.”

தம்பி பயபக்தியோடு குறித்துக்கொள்வான்.

“ஆனா அதுல ஆரம்பிச்சுடாதே, தூங்கிடுவே.”

தம்பி அடித்துவிடுவான். அடுத்தது ஆறு. “1994. அதுதான் உச்சம். ஆனா அமெரிக்காவுல அதை மூணுன்னு வித்தான். நாலை ரெண்டுன்னு வித்தான்.” இதைச் சொல்லும்போது வாத்தியார் முகத்தில் பரம திருப்தி தெரியும். தம்பியின் நோட்டில் எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

“பத்து முடிச்சா பதினொண்ணுதானே அண்ணே?”

“யார் சொன்னா? பத்துக்கு அப்புறம் பத்து-ரெண்டு. பதினொண்ணு ஆன்லைன்ல கூட்டமா ஆடறது. பதினாலும் அப்படித்தான். 2010-ல வந்து படுத்துடுச்சு, 2013-ல புதுசாக் கட்டி எழுப்பினான். ஏழு 1997-ல மூணு டிஸ்க்ல முழுசா வந்தது. இப்ப அதையே மூணு கேமா உடைச்சு ரீமேக் பண்றான். பழைய ஏழை முடிக்காம அதைத் தொடாதே. பழைய ஏழையும் இப்பத் தொடாதே, பொம்மையெல்லாம் கட்டை கட்டையா இருக்கும்.”

வாத்தியாருடைய வாழ்க்கையிலேயே பெரிய நெருக்கடி, விவரம் தெரிந்த ஒருவன் வந்து நின்றபோதுதான் நேர்ந்தது. “நம்பர் போட்டது 16 வந்திருக்கு, ஒவ்வொண்ணும் வேற உலகம், வேற கதைன்னு சொல்றாங்களே? சோகோபோங்கற பறவை, சிட்-ங்கற பேரு மாதிரி சிலதுதான் திரும்பத் திரும்ப வருதாமே?”

வாத்தியார் அசரவில்லை. “தனித்தனிக் கதைதான். அதனாலதான் வரிசை ரொம்ப முக்கியம்.”

அவர் எதில் தொடங்கினார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பேச்சு சட்டென்று இந்தக் கேம்களின் இசையமைப்பாளர் உயெமாட்சுவின் இசைக்குத் தாவிவிடும். எட்டாவது கேமின் நாலு டிஸ்க்கில் மூன்று மட்டும் இரவல் கிடைக்க, அதில் தொடங்கியவர் அவர் என்பது நெருங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

வாத்தியாரின் தங்கை யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அட்டைப்படம் பிடித்திருந்தது என்று பத்தை எடுத்தாள், ஒரே மூச்சில் முடித்தாள், முடிவைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

வாத்தியார் பரிவோடு பக்கத்தில் உட்கார்ந்தார். “அழுதது சரிதாம்மா. ஆனா வரிசைப்படி அழுதிருக்கணும்.”