பேஜ்மேக்கர் அண்ணாச்சி

பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் ஜோசியர் வீட்டு மாடிப்படிக்கும் நடுவே ஒரு டி.டி.பி. கடை இருக்கும். எங்கள் ஊரில் மட்டுமில்லை, உங்கள் ஊரிலும் இருக்கும். உள்ளே மின்விசிறிக்கு நேர்கீழே, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர்தான் நான் சொல்லவரும் அண்ணாச்சி.

மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் போன தீபாவளிக்கு வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பியது. பதினாறு ஜிபி ராம், விண்டோஸ் 11, போதாததற்குப் பெட்டியின் பக்கவாட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு விளக்கு. அவ்வளவு பெரிய சேனையை வைத்துக்கொண்டு அண்ணாச்சி ஓட்டுவது, பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7. அது வெளிவந்தது 2001இல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே அடோபி நிறுவனம் அதன் இளையவளான இன்டிசைனை இறக்கிவிட்டது. பேஜ்மேக்கர் 7, கட்டிக்கொடுத்த மூத்தவளுக்கு வைத்த கடைசிச் சீர் மாதிரி. அதன் பிறகு பிறந்தவீட்டிலிருந்து முழம் பூ ஏதோ வந்தது, இன்னொரு சீர் வரவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், டாஸ் கம்ப்யூட்டரில் வேர்ட்ஸ்டார் 4.0 வைத்துத்தான் கதை எழுதுகிறேன் என்று 2014இல் தொலைக்காட்சியில் சொன்னார். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். “அவருக்கென்ன தம்பி, பழைய பெட்டியில பழசை ஓட்டுறாரு. அது யாரும் ஓட்டலாம். புதுப் பெட்டியில ஓட்டச் சொல்லுங்க பாப்போம்” என்றார். நியாயம்தான்.

புதுப் பெட்டியில் அதை ஏற்றிய நாள் ஒரு கும்பாபிஷேகம். குங்குமம் வைத்த சிடி, முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அதைப் போடுவதற்குப் புதுப் பெட்டியில் வாயே இல்லை. நானூறு மீட்டர் நடந்து போய் வெளியே வைத்துச் செருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். பிறகு ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, ‘விண்டோஸ் எக்ஸ்பி’ என்ற இடத்தில் ஒரு டிக். ஜமீன் ஒழிந்தது தெரியாத கொள்ளுப்பாட்டி இருந்தால், வீட்டில் உள்ளவர்கள் அவளிடம் “ஆமாம் ஆத்தா, குத்தகை நெல் வந்திருச்சு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள் இல்லையா, அதேதான். இத்தனை பெரிய இயந்திரமும் கையைக் கட்டிக்கொண்டு, பேஜ்மேக்கரிடம் “இன்னும் எக்ஸ்பி காலம்தான் ஆத்தா” என்று தலையாட்டுகிறது.

இன்டர்நெட் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டார். “அப்டேட் வந்துரும்.” காத்து கருப்பு அண்டிவிடும் என்பார்களே, அந்தக் குரலில்.

பழைய பெட்டியை மட்டும் தூக்கிப்போடவில்லை. முன்பு வாங்கிய தமிழ் எழுத்துருத் தொகுப்பு ஒன்றுக்கு டாங்கிள் என்று ஒரு கட்டை உண்டு. பிரிண்டர் சொருகும் அகலமான துவாரத்தில் அது இருந்தால்தான் எழுத்து வரும். புதுப் பெட்டிக்கு அந்தத் துவாரமே கிடையாது. ஆகவே பழையது ஒரு மூலையில், துண்டு போர்த்திக்கொண்டு, டாங்கிளுக்குக் காவலாக இருக்கிறது.

அன்றாட வேலைக்குப் பாமினி ஃபான்ட் போதும். ‘தமிழ்’ வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அடிப்பது பெரிதில்லை, அண்ணாச்சி அதைப் படிப்பார். ஃபான்ட் மாறிப்போய்த் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்க, கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த பெண்வீட்டார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “எம் கே அரைப்புள்ளி கே எச்... அம்மா. சரியாத்தானே இருக்கு?” என்றார்.

வாட்ஸ்அப்பில் வரும் மேட்டர் யூனிகோடு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான். கன்வெர்ட்டர் இருக்கிறது, நான் காட்டியும் கொடுத்தேன். கேட்கவில்லை. செல்போனைச் சாம்பிராணி டப்பாவில் சாய்த்து நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அடிப்பார். நான் கன்வெர்ட்டரைத் தேடித் திறப்பதற்குள் அவர் இரண்டாவது பக்கத்தில் இருப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையே போட்டுவிட்டது என்று வாதாடிப் பார்த்தேன். “அந்த ஆணையை எந்த ஃபான்டுல அடிச்சாங்கன்னு விசாரிச்சீங்களா?” என்று கேட்டார்.

இன்டிசைனுக்கு மாறாததற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “ஃபைலு.” இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் நடந்த காதுகுத்து, கல்யாணம், புதுமனை, பதினாறாம் நாள் எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைலாகவே இருக்கின்றன. இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது. அதற்கப்புறம் வந்தவை அடையாளம் தெரியாது என்றுவிட்டன. ஊர்க்கதையை யார் திரும்ப அடிப்பது?

அண்ணாச்சியின் கடையில் எந்தப் பத்திரிகையும் வெறும் பக்கத்திலிருந்து பிறப்பதில்லை. பழைய ஃபைலைத் திறப்பார், ‘சேவ் ஆஸ்’ கொடுப்பார், பெயர்களை மாற்றுவார். ஒன்றிரண்டு பெயர் தப்பித்துவிடும். என் மகள் காதுகுத்துக்கு ப்ரூஃப் வாங்கிப் பார்த்தால், அடியில் தாய்மாமன் வரிசையில் எங்களுக்குத் தெரியாத ஒருவர் நின்றார். சித்தப்பா வீட்டுப் புதுமனைப் பத்திரிகையிலும் இவரைப் பார்த்த ஞாபகம்.

“யார் அண்ணாச்சி இது?”

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். “அட, 2004ல அருப்புக்கோட்டைப் பார்ட்டி கல்யாணத்துக்குப் போட்ட மாமன். இன்னுமா இருக்காரு?” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மனுசன் போன மாசம் தவறிட்டாரு தம்பி. கண்ணீர் அஞ்சலிகூட நம்மகிட்டத்தான் அடிச்சாங்க.”

திரும்பும்போது பேருந்து நிலையச் சுவரில் அந்தப் போஸ்டர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. மேலே படம், பெயர், தோற்றம், மறைவு. கீழே, ‘ஆழ்ந்த துயரத்துடன்’ என்பதற்கு அடியில், மகன்கள், மருமகள்கள், பேரன்கள். கடைசியில் தாய்மாமன் என்று அவரே நின்றார்.