யட்சியும் பஜ்ஜிக் கடாயும்

கேள்வி: மகனுக்கு நிலக்கடலை அலர்ஜி. லீவுக்கு மலம்புழா ஃபேன்டசி பார்க் போகிறோம். அங்கே என்ன வாங்கிக் கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, சித்தூர், பாலக்காடு

பதில்: கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்த மலம்புழா யட்சிக்குப் பயப்படாதீர்கள், பஜ்ஜிக் கடாய்க்குப் பயப்படுங்கள். "கடலையே போடலை" என்று கடைக்காரர் சொல்வது சத்தியமாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் வாழைக்காய்க்கு முன்பு, அதே எண்ணெயில் மசாலாக் கடலை குளித்துவிட்டுப் போயிருக்கும். அந்த மிச்சமே சில பிள்ளைகளுக்குப் போதும்.

பாக்கெட் பண்டத்தில் நிலக்கடலை இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும், அது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 விதி. தட்டுக்கடையிலோ சேட்டனின் வாய்தான் லேபிள். பாக்கெட்டைத் திருப்பிப் படித்து வாங்குங்கள், பொரித்ததை விட்டுவிடுங்கள்.

கட்டுச்சோறு உள்ளே விடுவார்களா என்று காரணத்தைச் சொல்லி முன்னாலேயே போனில் கேளுங்கள். சரி என்றால் தயிர்சாதம். ஊர்ப்பயணம் என்றதும் கை பழக்கத்தில் புளியோதரை கிளறிவிடும், ஜாக்கிரதை! தாளிப்பில் பாதி கடலைதான். டாக்டர் எழுதித் தந்த மருந்தை லாக்கரில் பூட்டாதீர்கள். ராட்டினம் ஏறாத பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும். தலைசுற்றல் சாக்கில் அப்பாக்கள் அந்த வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.